ஃபோம் வாங்கறதுக்கு முன்னாடி

மூணாவது வருஷம் டிசம்பர் மாசம். ஹாஸ்டல் பாத்ரூம் டியூப்லைட் நேரா தலைக்கு மேல எரியும். ரூம்மேட் பின்னாடி இருந்து எடுத்த ஒரு போட்டோவுல என் உச்சந்தலை தெரிஞ்சது. அது என் தலைதான்னு நம்பவே கொஞ்ச நேரம் ஆச்சு. அப்பாவுக்கு முப்பது வயசுலயே முன்னாடி எல்லாம் போயாச்சு. எனக்கு இருபது.

அடுத்த ரெண்டு மாசத்துல நான் செஞ்ச தப்புகளை வரிசையா சொன்னா நீங்க சிரிப்பீங்க. சிரிங்க, பரவாயில்ல. ஆனா நம்ம ஹாஸ்டல்ல குறைஞ்சது பத்து பேர் அலமாரியில, ஷூ பாலிஷ் டப்பாவுக்குப் பின்னாடி, ஒரு மினாக்ஸிடில் பாட்டிலோ ஃபோம் டப்பாவோ ஒளிஞ்சிருக்குன்னு எனக்குத் தெரியும். யாரும் யார்கிட்டயும் கேக்கறதில்ல. அதனாலதான் எல்லாரும் ஒரே தப்பைத் தனித்தனியா பண்றோம்.

முதல்ல கதை. மினாக்ஸிடில் முடிக்காகக் கண்டுபிடிச்ச மருந்தே இல்ல. அமெரிக்காவுல அப்ஜான்னு ஒரு கம்பெனி, ரத்தக் கொதிப்புக்கு மாத்திரையா இதைச் சோதிச்சுட்டு இருந்தாங்க. ரத்தக் குழாயை விரிய வைக்கிற மருந்து. 1971 வாக்குல கொலராடோ பல்கலைக்கழகத்துல மாத்திரை சாப்பிட்ட நோயாளிகளுக்குக் கண்ட இடத்துல முடி முளைக்க ஆரம்பிச்சது. குன்ட்டர் கான், பால் கிராண்ட்னு ரெண்டு டாக்டர்கள் அதைக் கரைசலாக்கித் தங்கள் மேலயே தடவிப் பாத்தாங்க. முளைச்சது. அப்புறம் பேடன்ட் யாருக்குன்னு கம்பெனியோட பல வருஷம் இழுபறி. 1979ல மாத்திரைக்கு அனுமதி கிடைச்சது, 1988ல 2% கரைசல் ரோகெய்ன்ங்கிற பேர்ல வந்தது. கம்பெனி முதல்ல கேட்ட பேர் 'ரீகெய்ன்'. போனதெல்லாம் திரும்பி வரும்னு அர்த்தம் வருதேன்னு அந்த நாட்டு மருந்துத் துறை மறுத்துடுச்சு. இந்த விஷயத்தை முன்னாடியே படிச்சிருந்தா எனக்குப் பாதி ஏமாற்றம் மிச்சம்.

ஃபோம் வந்தது 2006ல. லிக்விட் இருக்கும்போது ஃபோம் எதுக்கு? லிக்விட்ல மருந்து கரையறதுக்காக புரோப்பிலீன் கிளைக்கால் சேர்ப்பாங்க. நிறைய பேருக்கு அரிப்பு, செதில் வர்றது பெரும்பாலும் அதனாலதான், மினாக்ஸிடிலால இல்ல. எனக்கும் அதேதான் ஆச்சு. தலை முழுக்க பொடுகு மாதிரி உதிர்ந்து, கறுப்பு ஸ்வெட்டர் தோள்ல பனி விழுந்த மாதிரி இருந்தது. ஊட்டியில உறைபனி பாக்க வர்ற டூரிஸ்ட் என் தோளைப் பாத்தாலே போதும். ஃபோம்ல அந்த கிளைக்கால் இல்ல. ஆல்கஹாலும் கொஞ்சம் மெழுகு மாதிரியான கொழுப்பு ஆல்கஹாலும் இருக்கு, சீக்கிரம் காயும், பிசுபிசுப்பு கம்மி. மருந்து ரெண்டுலயும் ஒண்ணுதான். லிக்விட் ஒத்துக்கிட்டவங்க விலை கூடக் குடுத்து ஃபோமுக்கு மாறணும்னு அவசியமே இல்ல.

இப்போ நம்ம ஊர் விஷயம். ஃபோம் உடல் சூட்டுல உருகிடும். விரல்ல எடுத்து மூணு செகண்ட் யோசிச்சா தண்ணியா ஓடிடும். அதனால சமவெளியில இருக்கறவங்க கையைக் குளிர்ந்த தண்ணியில கழுவித் துடைச்சுட்டு எடுக்கணும். மலை மேல ஜனவரி காலையில நம்ம விரலே ஐஸ், அந்தப் பிரச்சினை இல்ல. டீ கிளாஸை ரெண்டு கையாலயும் பிடிச்சுட்டு உடனே போய் எடுத்தாதான் உருகும். அதை நான் செஞ்சிருக்கேன்.

ஆனா வேற ஒண்ணு இருக்கு. டப்பாவுக்குள்ள தள்ற வாயு பொதுவா புரோப்பேன், பியூட்டேன், ஐசோபியூட்டேன் கலவை. சாதா பியூட்டேனோட கொதிநிலை மைனஸ் அரை டிகிரி. புரோப்பேன் மைனஸ் 42. உள்ள இருக்கற அழுத்தம் வெப்பநிலையைப் பொறுத்தது. தெர்மோ படிச்சவங்களுக்குத் தெரியும். அதனால ராத்திரி முழுக்க ஜன்னல் ஓரம் சில்லுனு இருந்த டப்பாவுல இருந்து காலையில ஃபோம் சோம்பேறித்தனமாத்தான் வரும். டப்பா தீந்துபோச்சுன்னு நினைச்சு நான் கிட்டத்தட்ட தூக்கிப் போட்டுட்டேன். அறைக்குள்ள கொஞ்ச நேரம் வெச்சா சரியாயிடும். அதுக்காக ரூம் ஹீட்டர் முன்னாடியோ சுடுதண்ணி பக்கெட்லயோ வைக்காதீங்க, தயவுசெஞ்சு. உள்ள இருக்கறது எரியற வாயு, ஃபோம்ல பெரும்பங்கு ஆல்கஹால். தடவி அது காயற வரைக்கும் கேம்ப்ஃபயர், கரி அடுப்பு, காயில் ஹீட்டர் எதுக்கும் பக்கத்துல தலையைக் கொண்டு போகக் கூடாது. மேட்டுப்பாளையம் இறங்கும்போது ஏப்ரல் வெயில்ல பைக் பெட்டிக்குள்ள போட்டு வைக்கறதும் ஆகாது. சுமார் 50 டிகிரியைத் தாண்ட விடக் கூடாதுன்னு டப்பாலயே போட்டிருக்கும்.

தடவற முறை சிம்பிள். தலை முழுசா காஞ்சிருக்கணும். இங்க மூடுபனி நாள்ல குளிச்ச முடி காய ஒரு மணி நேரம் ஆகும், அதனால குளிக்கிற நேரத்தையும் தடவற நேரத்தையும் பிரிச்சுக்கோங்க. ஆண்களுக்கான 5% ஃபோம்ல ஒரு வேளைக்கு மூடியில பாதி, அதாவது 1 கிராம், காலையும் ராத்திரியும். 60 கிராம் டப்பா 30 நாளைக்கு. பெண்களுக்கு 5% ஃபோம் ஒரு நாளைக்கு ஒரு வேளைதான். முடியை வகிடு எடுத்து, தோல் மேல படணும், முடி மேல இல்ல. நாலு மணி நேரம் தலையை நனைக்கக் கூடாது. தடவின உடனே மங்கி கேப் போட்டா மருந்து குல்லாவுக்குத்தான் முடி வளர்க்கும். ராத்திரியா இருந்தா படுக்கப் போறதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடியே முடிச்சிடுங்க, இல்லன்னா தலையணை வழியா முகத்துக்குப் போகும். கையை சோப்பு போட்டுக் கழுவுங்க. வீட்டுல பூனை இருந்தா ரொம்ப ரொம்ப ஜாக்கிரதை: மினாக்ஸிடில் பூனைக்குக் கொஞ்சம் பட்டாலே உயிருக்கு ஆபத்து. நம்ம மெஸ் பூனையை நான் அந்த நேரத்துல தொடறதே இல்ல.

ரெண்டு மடங்கு தடவினா ரெண்டு மடங்கு முளைக்குமா? முளைக்காது. கணக்கு போட்டுப் பாருங்க. 1 கிராம்ல 5% னா 50 மில்லிகிராம், ரெண்டு வேளைக்கு 100. தோல் வழியா ரத்தத்துக்குப் போறது, லிக்விட்ல அளந்த கணக்குப்படி, சராசரியா 1.4%. அதாவது 1.4 மில்லிகிராம். மொத்தத் தலையிலயும் அபிஷேகம் பண்ணினா, இல்ல புண்ணான தோல்ல தடவினா, இந்த நம்பர் ஏறும். இது ரத்தக் கொதிப்பு மருந்துங்கிறதை மறக்காதீங்க. படபடப்பு, மயக்கம், நெஞ்சு வலி, கை கால் வீக்கம் வந்தா நிறுத்திட்டு டாக்டர்கிட்ட போகணும். ஏற்கெனவே இதயப் பிரச்சினை, லோ பிபி இருந்தா தொடங்கறதுக்கு முன்னாடியே போகணும். கர்ப்பமா இருக்கறவங்க, பால் கொடுக்கறவங்க தொடவே வேண்டாம். இன்னொண்ணு: சில பாட்டில்ல மினாக்ஸிடிலோட ஃபினாஸ்டரைடும் சேர்ந்தே வருது. அது ஹார்மோன் பக்கம் வேலை செய்யற மருந்து, டாக்டர் எழுதித் தரணும், கர்ப்பிணிகளுக்கு ஆகவே ஆகாது. அண்ணனோட பாட்டிலைத் தங்கச்சி எடுத்துத் தடவறதுக்கு முன்னாடி லேபிளைப் படிங்க.

நான் பண்ணின பெரிய தப்பு இதுக்கு அப்புறம்தான். ஃபோம் ஆரம்பிச்ச மூணாவது வாரம் முடி கொத்தா கொட்ட ஆரம்பிச்சது. தலையணையில, சீப்புல, லேப் ரெக்கார்டு நோட்டு மேல. ராத்திரி தூக்கம் இல்ல. அஞ்சாவது வாரம் டப்பாவைத் தூக்கி எறிஞ்சேன்.

ஆனா அது மருந்து வேலை செய்யறதோட அறிகுறியா இருந்திருக்கலாம். ஒவ்வொரு முடிக்கும் ஒரு சுழற்சி உண்டு: ரெண்டு முதல் ஆறு வருஷம் வளரும், அப்புறம் சுமார் மூணு மாசம் சும்மா ஓய்வுல இருக்கும், விழும், அதே குழியில புதுசு கிளம்பும். மினாக்ஸிடில் அந்த ஓய்வுக் காலத்தைச் சுருக்குது. ஓய்வுல இருந்த முடியெல்லாம் மொத்தமா வெளிய தள்ளப்படும், புதுசுக்கு இடம் விட. ரெண்டுல இருந்து எட்டு வாரத்துக்குள்ள வர்ற இந்தக் கொட்டல் தானா நிக்கும். ரிசல்ட் பாக்க நாலு மாசமாவது ஆகும், ஏன்னா முடி மாசத்துக்கு ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். டீச்செடியைக் கவாத்து பண்ணினதைப் பாத்திருப்பீங்க. மொட்டைக் குச்சியா நிக்கிற தோட்டத்தைப் பாத்துட்டு, செடி செத்துபோச்சுன்னு யாராவது பிடுங்கிப் போடுவாங்களா? நான் பிடுங்கிப் போட்டேன். நாலு மாசம் வேஸ்ட்.

அப்புறம்தான் தோல் டாக்டர்கிட்ட போனேன். போற வழியில ஒரு கடைக்காரர் நீலகிரித் தைலம், மூலிகை ஹேர் ஆயில்னு ரெண்டு பாட்டில் நீட்டினார். "தடவிப் பாரு தம்பி, காடு மாதிரி வளரும்." தைலம் மரம் வேணும்னா இந்த மலையில காடு மாதிரி வளரும், வளர்ந்தும் இருக்கு. தலையில அது செய்யறது ஜில்லுனு ஒரு உணர்ச்சி, அவ்வளவுதான். நேரடியா தடவினா எரியும்.

டாக்டர் பத்து நிமிஷம் பாத்தார். ஒரு அறுபது முடியை விரலுக்கு நடுவுல பிடிச்சு மெதுவா இழுத்தார், எத்தனை கையோட வருதுன்னு. அப்புறம் டெர்மோஸ்கோப்னு ஒரு லென்ஸ். ஒரே இடத்துல தடிச்ச முடியும் பூனை முடியும் கலந்து இருந்தது. அதுதான் பரம்பரை வழுக்கைக்கு அடையாளம். டிஹெச்டிங்கிற ஹார்மோன் சில குழிகளைச் சுருக்கிட்டே வருது, ஒவ்வொரு சுற்றுலயும் முடி இன்னும் மெலிசா. "உங்களுக்கு ஃபோம் சரியான மருந்துதான், ஆனா முன்னாடி ஓரத்துல அதிகம் எதிர்பார்க்காதீங்க, உச்சந்தலைக்குத்தான் நல்லா சோதிச்சிருக்காங்க"ன்னார். அதோட, அந்த மருந்து வேர்ல இருக்கற ஒரு என்சைம் மூலமா மாறினாதான் வேலை செய்யும், அது கம்மியா இருக்கறவங்களுக்குச் சரியா கேக்காதுன்னும் சொன்னார். 2002ல வந்த ஒரு ஆய்வுல 393 ஆண்களை 48 வாரம் பாத்தாங்க. 2% கரைசலை விட 5% ல 45% கூடுதலா முளைச்சது. நல்ல ரிசல்ட்தான். ஆனா அது 2% கூட ஒப்பிட்ட கணக்கு, பதினாறு வயசுல இருந்த தலையோட இல்ல.

என் கிளாஸ்மேட் ஒருத்தி கதை வேற. கோத்தகிரி பக்கம் எஸ்டேட் குடும்பம். டைஃபாய்டு வந்து மூணு மாசம் கழிச்சு தலை முழுக்க ஒரே மாதிரி கொட்டுச்சு. நான்தான் பெரிய அறிவாளி மாதிரி ஃபோம் பேரை எழுதிக் கொடுத்தேன். நல்லவேளை அவ அம்மா, "முதல்ல ரத்தம் பாத்துட்டு வா கண்ணு"ன்னு ஊட்டி அரசு மருத்துவமனைக்கு அனுப்பினாங்க. ஹீமோகுளோபின் 8.6. இவளுக்குக் குழி எதுவும் சுருங்கல. பெரிய காய்ச்சல், பட்டினி டயட், ரத்தசோகை, தைராய்டு இதுல ஏதாவது வந்தா நிறைய முடி ஒரே சமயம் ஓய்வுக்குப் போய் ரெண்டு மூணு மாசம் கழிச்சு மொத்தமா விழும். காரணத்தைச் சரி பண்ணினா பெரும்பாலும் தானா திரும்பி வரும். ஃபோம் தேவையில்ல.

இங்க நம்ம மலைக்கு ஒரு தனிப் பிரச்சினை இருக்கு, சொன்னா வீட்டுல கோவிச்சுப்பாங்க: டீ. காய்கறி, கீரை, பருப்புல இருக்கற இரும்புச் சத்தை உடம்பு எடுத்துக்கறதை டீயில இருக்கற டானின் தடுக்கும். சாப்பாட்டோடயே டீ குடிக்கறது நமக்கெல்லாம் பிறவிப் பழக்கம். அவளும் காலையில பன்னும் டீயும், மதியம் சாதம் முடிஞ்ச கையோட டீ. டாக்டர் இரும்பு மாத்திரை கொடுத்து, சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவுல ஒரு மணி நேரமாவது இடைவெளி விடச் சொன்னார். சாப்பாட்டோட ஒரு நெல்லிக்காய் கடிச்சா இரும்பு கூடுதலா ஏறும். ஆறு மாசத்துல அவ நெத்தி ஓரத்துல குட்டிக் குட்டியா முடி நிக்க ஆரம்பிச்சது. இப்போ அதைப் படிய வைக்க முடியலன்னு புலம்பறா.

"ஹாஸ்டல் தண்ணி ஒத்துக்கல"ன்னு சொல்றவங்களுக்கு ஒரு வார்த்தை. உப்புத் தண்ணியில முடி முரடாகும், நடுவுல உடையும். ஆனா அப்பா, தாத்தா தலையோட வரைபடத்தை அது உங்க தலையில வரையாது. விழுந்த முடியை எடுத்துப் பாருங்க. நுனியில வெள்ளையா குட்டிக் குமிழ் இருந்தா வேரோட வந்தது, இல்லன்னா உடைஞ்சது. ஒரு நாளைக்கு 50ல இருந்து 100 வரைக்கும் விழறது எல்லாருக்கும் சகஜம். பாத்ரூம்ல உக்காந்து எண்ணாதீங்க, நான் எண்ணியிருக்கேன், கிறுக்குப் பிடிக்கும்.

கடைசியா காசு விஷயம். ஃபோமை நிறுத்தினா மூணு நாலு மாசத்துல அது காப்பாத்தி வெச்ச முடியும் போயிடும், பழைய நிலைக்கே வந்துடும். அதாவது இது ஒரு தடவை வாங்கற பொருள் இல்ல, மாசாமாசம் கட்டற இஎம்ஐ. எஜுகேஷன் லோன் தலைக்கு மேல இருக்கற நான், இதைத் தொடரலாமான்னு நிஜமாவே ஒரு வாரம் யோசிச்சேன். அப்பாகிட்ட சொன்னப்போ, "எனக்கும் பொண்ணு குடுத்தாங்கதானேடா"ன்னார். அப்புறம் அவரே சாயங்காலம் மெதுவா, "அந்த நுரை என்ன விலை"ன்னு கேட்டார்.

ரெண்டாவது தடவை ஆரம்பிச்சு இப்போ ஒன்பது மாசம். ஒண்ணாம் தேதி ஒண்ணாம் தேதி அதே டியூப்லைட்டுக்குக் கீழ, அதே ரூம்மேட் போட்டோ எடுக்கறான். உச்சந்தலையில தோல் தெரியறது குறைஞ்சிருக்கு. முன் ஓரம் அப்படியேதான். பிளேஸ்மென்ட் இன்டர்வியூவுக்கு முடியை ஒட்ட வெட்டிட்டுப் போனேன். பேனல்ல இருந்த மூணு பேர்ல ரெண்டு பேருக்கு வழுக்கை.

ஹாஸ்டல் ரெண்டாவது மாடி, கடைசி ரூம். டப்பா இப்போ மேஜை மேலயே இருக்கு. லேபிள் படிக்கணும்னா வாங்க.