ஆய்வறிக்கையும் இணக்கமும்

வழக்குத் தோன்றாத ஊர் உலகில் இல்லை. கடலும் வாவியும் இருமருங்கும் நிற்க, எழுவான்கரை மணலில் வெற்றிலைத் தோட்டமும் படுவான்கரையில் நெல்வயலுமாக வாழும் நம் களுதாவளையும் இதற்கு விலக்கன்று. வேலியின் எல்லை, வளவுக்குச் செல்லும் வழி, வாய்க்கால் நீரின் முறை, பயிரில் இறங்கிய மாடு என்பன பற்றிப் பிணக்குகள் எழுதல் இயல்பு. பிணக்கு எழுதல் குற்றமன்று. அதனைத் தீர்க்கும் நெறி அறியாமையே குற்றம். அந்நெறியுள் ஒரு கூற்றை மட்டும் எடுத்து, மாணவர்க்கும் பழைய மாணவர்க்கும் பயன்படுமாறு ஈண்டு ஆராய்வோம். இரு சாராரையும் இணக்க முயலும் அவையில், நடுநிலையாளர் ஒருவர் நேரிற் பார்த்துத் தந்த அறிக்கையை ஒரு சாரார் ஏற்க மறுத்தால் நடுவர் யாது செய்தல் வேண்டும்? இதுவே நம் வினா.

இணக்க அவையின் இயல்பு

இலங்கையில் 1958ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டத்தால் இணக்க சபைகள் அமைந்தன. 1970களின் இறுதியில் அவை மறைந்தன. பின்னர் 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தால் மத்தியஸ்த சபைகள் தோன்றின. சட்டப் பெயர் மாறினும் ஊரார் பலர் நாவில் இதுவும் இணக்க சபையே. இச்சபையில் பிணக்காளர் ஒவ்வொருவரும் நடுவர் குழாத்திலிருந்து ஒருவரைத் தெரிவர். அவ்விருவரும் சேர்ந்து மூன்றாமவரைத் தெரிவர். ஆகவே நடுவர் மேலிருந்து வந்து அமர்ந்தவரல்லர். பிணக்காளரின் நம்பிக்கையால் அமர்ந்தவர்.

இச்சபை தீர்ப்பு வழங்குவதன்று. பிணக்காளரை மனமொத்த தீர்வுக்குக் கொணர்தலும், இயலுமிடத்து அவர்தம் சம்மதத்துடன் மனக்குறையின் உண்மையான காரணத்தை அகற்றி, அப்பிணக்கு மீண்டும் எழாமற் காத்தலுமே அதன் கடனெனச் சட்டம் வகுத்துள்ளது. ‘உண்மையான காரணம்’ என்னும் தொடரை வாசகர் மனத்திற் கொள்க. பின்னர் அது நமக்கு வேண்டப்படும்.

தீர்ப்பு இல்லாத அவையில் அறிக்கை எதற்கு எனச் சிலர் வினவலாம். உண்மை தெளியாத இடத்தில் இணக்கம் பேசினால் வலியவன் சொல்லே நிலைக்கும். உறுதியைத் தொலைத்த கைம்பெண்ணும், குத்தகைக்கு வயல் செய்யும் ஏழையும், “சரி, விட்டுக்கொடுப்போம்” எனத் தலையசைத்து வீடு செல்வர். அது இணக்கமன்று, அடங்கிப்போதல். இதனைத் தடுக்கவே நில அளவையாளரையோ, பயிர்ச் சேதம் மதிக்க வல்லாரையோ, கணக்காய்வாளரையோ இரு சாராரும் உடன்பட்டு அழைக்கின்றனர். அவர் தரும் அறிக்கை எளியோர்க்கு ஊன்றுகோல். அந்த ஊன்றுகோலே பிணக்குக்குப் பொருளாகுமிடத்து நடுவரின் உண்மையான சோதனை தொடங்குகிறது.

அப்போது நடுவர் இரு பிழைகளுள் ஒன்றில் வீழ்தல் எளிது. அறிக்கையை அரியணையேற்றி, “அறிந்தவர் சொல்லிவிட்டார், ஏற்றுக்கொள்ளும்” என்பது ஒன்று, அக்கணமே நடுவர் நீதிபதியாகி விடுகிறார். “சச்சரவு வேண்டாம்; அறிக்கையைத் தள்ளிவிடுவோம்” என்பது மற்றொன்று; அக்கணமே உண்மை அவையை விட்டு வெளியேறுகிறது. இரண்டும் தவிர்த்து நடத்தற்குரிய வழி யாது?

இலக்கியம் காட்டும் இரு அவைகள்

கண்ணகி வழிபாடு இன்றும் உயிர்த்துடிப்போடு நிலவும் மட்டக்களப்பு நாட்டார்க்குச் சிலப்பதிகாரக் கதையைச் சொல்ல வேண்டுவதில்லை. பாண்டியன் செவியில் விழுந்தது ஒரே ஓர் அறிக்கை. அதனைத் தந்த பொற்கொல்லனோ நடுநிலையாளனல்லன். சிலம்பைக் கவர்ந்தவனே அவன். குற்றஞ்சாட்டப்பட்ட கோவலனை மன்னன் அழைத்துக் கேட்கவில்லை. கேளாத அறிக்கை கொலையில் முடிந்தது.

ஆயின் அதே காப்பியத்தில் வழக்குரைக்கும் இடம் நமக்கு நேரான பாடத்தைத் தருகிறது. கண்ணகி பொற்கொல்லன் சொல் முழுவதையும் வரிவரியாக மறுத்து வாதாடவில்லை. வழக்கு முழுவதும் தொங்கும் ஒரே பொருளைப் பிடித்தாள்: சிலம்பின் உள்ளிருப்பது யாது? தன் சிலம்பின் பரல் மாணிக்கமென அவள் சொன்னாள். தன் மனைவியின் சிலம்பின் பரல் முத்தென மன்னன் சொன்னான். அதன் பின்னரே சிலம்பு உடைந்தது. சோதனைக்கு முன்னரே இருவரும் தத்தம் நிலையை வெளிப்படச் சொன்னமையால், சோதனைக்குப் பின் மறுப்பதற்கு இடமில்லாது போயிற்று. இம்முறை அறிக்கை வந்த நாளிலேயே கையாளப்பட்டிருப்பின் மதுரை எரிந்திராது.

மற்றோர் அவை பெரியபுராணத்தில் உளது. புத்தூர் மணப்பந்தரில் முதியவர் ஒருவர் வந்து, சுந்தரர் தமக்கு அடிமையென ஓலை காட்டினார். சுந்தரர் அவ்வோலையைப் பறித்துக் கிழித்தார். கிழித்ததனால் வழக்குத் தீர்ந்ததா? இல்லை, அது படியோலை, மூலவோலை வேறு உண்டு எனும் விடையே வந்தது. வெண்ணெய்நல்லூர் அவையோர் முதியவர் தோற்றத்தைக் கண்டு ஓலையை ஏற்றிலர். சுந்தரர் சினத்தைக் கண்டு அதனைத் தள்ளவும் இல்லை. பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையை வருவித்து, கையெழுத்தை ஒப்புநோக்கித் தெளிந்தனர். ஆவணத்தை ஐயுற்றபோது, அவ்வாவணத்துக்குப் புறம்பான சான்றொன்றால் அதனை அளத்தல் வேண்டும் என்பது அவ்வவை காட்டும் நெறி.

சட்டமும் உலகமும்

இந்நெறி இக்காலச் சட்டத்துக்கும் அயலன்று. 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கக் காணிப் பிரிவிடல் சட்டத்தின்படி, நீதிமன்றம் அனுப்பிய நில அளவையாளரின் படமும் அறிக்கையும் மேலதிக நிரூபணமின்றியே சான்றாகலாம். ஆயினும் வழக்காளருள் ஒருவர் கேட்பின், அளவையாளரை அழைத்து, அறிக்கையில் எழுதியது பற்றியும், எழுதாது விட்டதாகச் சொல்லப்படுவது பற்றியும் வாய்மொழியாக வினவ நீதிமன்றம் இடமளித்தல் வேண்டும். அறிக்கைக்கு மதிப்பும் உண்டு, வினாவும் உண்டு. ஒன்று மற்றொன்றைக் கெடுப்பதன்று.

வேலிப் பிணக்குக்குப் பொருந்துவது நாடுகளின் பிணக்குக்கும் பொருந்தும். செனாப் ஆற்றில் இந்தியா கட்டிய பக்லிகார் அணை பற்றிப் பாகிஸ்தான் முறையிட, 1960ஆம் ஆண்டின் சிந்து நதி உடன்படிக்கைப்படி உலக வங்கி 2005இல் சுவிற்சர்லாந்துப் பொறியியலாளர் ரேமண்ட் லாஃபிட் என்பாரை நடுநிலை வல்லுநராக நியமித்தது. அவர் இரு நாட்டாரையும் பலமுறை கூட்டிக் கேட்டார். முடிபை வெளியிடுமுன் அதன் வரைவை இருவர்க்கும் காட்டிக் கருத்தறிந்தார். 2007 பெப்ருவரியில் வந்த முடிபில், கதவுடன் கூடிய நீர்வழி பற்றிய இந்தியாவின் வாதம் நின்றது. அணையின் உச்சியை 1.5 மீற்றர் குறைத்தலும், நீர்த்தேக்க அளவைச் சுருக்குதலும் பாகிஸ்தானுக்குக் கிடைத்தன. வரைவைக் காட்டுதல் வல்லுநரின் மானத்துக்கு இழுக்கன்று. அவர் முடிபுக்கு அரண்.

முல்லைப் பெரியாற்று அணை வழக்கிலோ வேறொரு பாடம் உண்டு. இந்திய உச்ச நீதிமன்றம் 2010இல் அமைத்த, முன்னாள் தலைமை நீதியரசர் ஏ. எஸ். ஆனந்த் தலைமையிலான குழு, அணை பாதுகாப்பானதென 2012இல் அறிக்கை தந்தது. கேரளம் அதனை மறுத்தது. அம்மறுப்பையும் கேட்ட நீதிமன்றம், 2014 மே 7ஆம் நாள் 142 அடி நீர்மட்டத்துக்கு இடமளித்தது. அத்தோடமையாது, இரு மாநிலப் பிரதிநிதிகளும் அமரும் மூவர் மேற்பார்வைக் குழுவையும் நிறுவியது. அறிக்கை பொருளுண்மையைக் காட்டலாம். அச்சத்தை அகற்றுதல் அதனால் ஆவதன்று. அச்சத்துக்கு வேறு ஏற்பாடு வேண்டும். இவை தீர்ப்பளிக்கும் மன்றங்களின் செய்திகள். இணக்க அவை இவற்றினின்று முறையை மட்டும் கொள்க, அதிகாரத்தைக் கொள்ளற்க.

ஓர் எடுத்துக்காட்டு

கற்பனையாக ஒரு வழக்கை வைத்துக்கொள்வோம். கிழக்குத் தோட்டத்தார்க்கும் மேற்குத் தோட்டத்தார்க்கும் வேலிப் பிணக்கு. இருவரும் உடன்பட்டு அழைத்த நில அளவையாளர் ஐந்து செய்திகளை எழுதினார். பழைய எல்லைக் கல் காணப்படவில்லை என்பது ஒன்று. படத்திலுள்ள பனைகளிலிருந்து அளந்தால் வேலி மேற்குக் காணிக்குள் 4 அடி நிற்கிறது என்பது இரண்டு. அத்துண்டில் பழைய கிணறு ஒன்று உளது என்பது மூன்று. கிழக்குத் தோட்டத்தாரே வேலியை நகர்த்தினர் என்பது நான்கு. வேலியை உடனே பின்வாங்குக என்பது ஐந்து. கிழக்குத் தோட்டத்தார், “அறிக்கை பக்கச்சார்பானது, முழுவதும் பொய்” என எழுந்துவிட்டனர்.

நடுவர் செய்யத்தக்கன இவை.

முதலாவது, அறிக்கையின் முழுப் படியை இரு சாராரும் ஒரே நாளிற் பெறுதல் வேண்டும். எழுத்தறியாதார்க்கு வாசித்துக் காட்டுதல் வேண்டும். ஒருவர் கையில் மட்டும் இருக்கும் அறிக்கை ஐயத்தையே வளர்க்கும்.

இரண்டாவது, கண்டது, கருதியது, கூறிய யோசனை என அறிக்கையை மூன்றாகப் பகுத்தல். மேற்சொன்ன ஐந்தனுள் முதல் மூன்றும் கண்டவை, நான்காவது கருதியது, ஐந்தாவது யோசனை. அளவுகோல் 4 அடியைக் காட்டும். நகர்த்திய கையைக் காட்டாது.

மூன்றாவது, மறுப்பாரை நோக்கி, “எவ்வாக்கியத்தை மறுக்கின்றீர்? எதனால் மறுக்கின்றீர்?” என வினவுதல். காலங்கடத்த மறுப்பவர் இவ்வினாவுக்கு விடையின்றி நிற்பர். உண்மையில் நொந்தவர் ஒரு வாக்கியத்தைச் சுட்டுவர். நம் எடுத்துக்காட்டில் அவர்கள் சுட்டியது அளவையன்று, நான்காம் செய்தியையே. “எங்களைக் காணிக் கள்ளர் என்று எழுதிவிட்டார்” என்பதே அவர்தம் நோவு.

நான்காவது, மறுத்த பகுதி அளந்தறியத் தக்கதாயின், ஆய்வாளரை அழைத்து இருவர் முன்னும் விளக்கம் கேட்டல். வேண்டின் இருவரும் நிற்க மீள அளத்தல். அளக்குமுன், இன்ன விளைவு வந்தால் இன்னது ஒப்புவோம் என இரு சாராரும் சொல்லிவைத்தல். ஆய்வாளர் திருத்த விரும்பின் அவரே தம் கையால் திருத்துக. நடுவர் ஒரு சொல்லையும் மாற்றலாகாது. மாற்றின் ஆய்வாளரின் சுதந்திரமும் நடுவரின் நடுநிலையும் ஒருங்கே கெடும்.

ஐந்தாவது, உண்மையான காரணத்தைத் தேடல். இவ்வழக்கில் நான்கடி மணலன்று பொருள். அதிலுள்ள கிணறே பொருள். வேலி விலகினால் வெற்றிலைக்கு நீர் இல்லை என்பது கிழக்காரின் அச்சம். ஆகவே வேலி அளந்த இடத்துக்கு மீளவும், கிணற்றில் இருவரும் முறைவைத்து நீர் இறைக்கவும், நின்ற கொடிகளைப் பறித்து முடிக்கத் தவணை தரவும் உடன்படலாம். வேலியை நகர்த்தியவர் யார் என்பதை இவ்வுடன்பாடு தீர்மானிக்கவில்லை என ஒரு வரி எழுதிக் கையொப்பமிடலாம். அறிக்கை முழுவதையும் ஒருவர் ஒப்புக்கொள்ளாமலே பிணக்குத் தீரலாம் என்பதே இப்பாடத்தின் சாரம்.

இணங்காவிடின்

இத்தனைக்குப் பின்னும் இணக்கம் வாராதாயின் நடுவர் வெட்குதல் வேண்டா. இணக்கமின்மைச் சான்றிதழ் வழங்கினால், பிணக்காளர் நீதிமன்றம் செல்ல வழி திறந்திருக்கும். சபையின் முன் சொல்லப்பட்ட கூற்றுக்களைப் பின்னர் வழக்கிற் சான்றாகக் கொள்ளச் சட்டம் இடமளியாது. ஆதலின் அங்கு மனந்திறந்து பேசியவர்க்குக் கேடில்லை. பேசியவற்றைத் தேநீர்க் கடையிலும் கோயில் வாயிலிலும் பரப்பும் நடுவரே அக்காப்பினை உடைப்பவர்.

திருவள்ளுவர் ஒற்றாடல் அதிகாரத்தில், ஓர் ஒற்றன் கொணர்ந்ததை வேறோர் ஒற்றனால் ஒப்புநோக்கித் தெளியுமாறு அரசனுக்கு அறிவுறுத்துவர். தன்னால் அனுப்பப்பட்டவன் சொல்லையும் அரசன் ஆராய வேண்டுமெனின், அயலவர் இருவரின் வாழ்வு தொங்கும் அறிக்கையை ஆராய்தல் எத்துணை இன்றியமையாதது!

நம் பழைய மாணவருட் பலர் இன்று கோயிற் பரிபாலன சபைகளிலும், கூட்டுறவுச் சங்கங்களிலும், கமக்காரர் அமைப்புக்களிலும் பொறுப்பேற்றுள்ளனர். அங்கெல்லாம் கணக்கறிக்கையும் விசாரணை அறிக்கையும் வரும், மறுப்பும் உடன்வரும். மறுப்பவரைப் பகைவரெனக் கருதாது, “எவ்வாக்கியம்?” என்று கேட்டு, விடை வரும்வரை பொறுத்திருத்தலை அவர்கள் கைக்கொள்க. வேலியின் இருபுறத்தும் வாழ்வோர் நாளையும் ஒரே கிணற்றில் நீர் மொள்ள வேண்டியவர்கள்.