கொழும்பு உத்தியோகமும் குடிக்கூலியும்

சென்ற ஆண்டு தைப்பொங்கல் கழிந்த மறுவாரம், எம்மிடம் உயர்தர வகுப்பிலே தமிழ் பயின்ற பழைய மாணவன் ஒருவன் இரண்டு நியமனக் கடிதங்களைக் கையிற் கொண்டு எமது இல்லம் வந்தான். ஒன்று யாழ்ப்பாணத்திலேயே உள்ள ஓர் அலுவலகத்துக்குரியது. மற்றையது கொழும்பிலே ஒரு தனியார் கம்பனிக்குரியது. கொழும்புச் சம்பளம் ஊர்ச் சம்பளத்தின் ஒன்றரை மடங்கு. "எதை ஏற்பது, சேர்? அம்மா போகச் சொல்லுறா, அப்பா ஒண்டும் சொல்லுறார் இல்லை" என்றான். தாளும் பேனாவும் எடுக்குமாறு பணித்தோம். அன்று மாலை விளக்கு வைக்கும் வரையில் அவனோடு இருந்து போட்ட கணக்கே இக்கட்டுரையின் கரு.

யூபிலி மலருக்கு இலக்கியக் கட்டுரை ஒன்றையே மலர்க்குழுவினர் எம்மிடம் எதிர்பார்த்திருப்பர். தமிழாசிரியனுக்கு வாடகைக் கணக்கு எதற்கு என வினவுவோரும் உளராவர். பொருள்வயிற் பிரிவை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிப் படிப்பிக்கின்ற நாம், பிரிந்து சென்றவன் சென்றவிடத்தில் என்ன விலைக்கு அரிசி வாங்கினான் என்பதையும் ஒருமுறை கேட்டறிதல் தகும் என்பதே அவர்க்கு எமது விடை.

நம்மவர் கொழும்புக்குப் பொருள் தேடிப் போன வரலாறு நீண்டது. 1905 ஆம் ஆண்டில் வடபாதைப் புகையிரதம் கொழும்பையும் யாழ்ப்பாணத்தையும் இணைத்ததன் பின் அப்பிரிவு பெருகிற்று. அரசாங்க இலிகிதராய்ப் போனோர் வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் பலராய்ச் சேர்ந்து ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தனர்; ஒரு சமையற்காரரை அமர்த்தினர்; மாத முடிவிற் செலவைப் பங்கிட்டனர். அத்தகைய வீட்டைச் 'சம்மரி' என்று வழங்கினர். மாதம் பிறந்ததும் ஊருக்குக் காசுக்கட்டளை வந்தது. அக்காசிலே மண்வீடு கல்வீடாயிற்று. தங்கையர் கலியாணம் ஒப்பேறிற்று. தம்பியர் கல்லூரிப் படிப்பு முடிந்தது.

அவர்கள் எவ்வாறு மிச்சம் பிடித்தனர்? சிக்கனத்தால் என்பர். அது மெய்யே, ஆயினும் பாதி விடையே. அவர்கள் உழைத்தது கொழும்பு விலையில். அவர்தம் குடும்பம் உண்டது ஊர் விலையில். மனைவி மக்கள் இருந்த வீட்டுக்கு வாடகை இல்லை. தண்ணீர் கிணற்றில் இருந்தது. முருங்கையும் கீரையும் வேலியோரத்தில் நின்றன. தேங்காய் வளவில் விழுந்தது. ஒடியலும் பனாட்டும் பனையடியிலிருந்து வந்தன. இவை எவையும் எந்தச் சம்பளச் சீட்டிலும் வருமானம் என எழுதப்பட்டவை அல்ல. இரண்டு விலைகளுக்கும் இடையே கிடந்த அந்த இடைவெளியே பெரும்பாலும் அவர்களுடைய சேமிப்பு. இன்று கொழும்பிலே உத்தியோகம் பெறுபவன் ஆண்டிரண்டு கழிய மணம் முடித்துக் குடும்பத்தையும் உடனழைத்துக் கொள்கின்றான். அது குறையன்று, நன்றே. பிரிந்திருந்தோர் பட்ட துயரையும் நாம் அறிவோம். ஆனால் அன்றோடு உழைப்பதும் உண்பதும் ஒரே விலையில் நிகழத் தொடங்குகின்றன. பாட்டனார் கண்ட மிச்சம் பேரனுக்கு ஏன் காணக்கிடையவில்லை என்று வீட்டார் வியக்கின்றனர்.

இதனை இலக்கங் கொண்டும் காட்டலாம். கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் என்பதனைச் செய்தித்தாளிற் பலரும் கண்டிருப்பர். ஒரு குடும்பம் செலவிடும் நூறு ரூபாவில் எவ்வெப்பொருளுக்கு எவ்வளவு போகின்றது என முதலிற் கண்டு, அவ்வளவிற்கேற்ப ஒவ்வொரு பொருளுக்கும் நிறை கொடுத்து, விலையேற்றத்தை அளப்பது அதன் முறை. 1952 ஆம் ஆண்டை அடியாண்டாகக் கொண்ட பழைய சுட்டெண், 1949–50 இல் கொழும்புத் தொழிலாளர் குடும்பங்கள் 455 இன் செலவை ஆராய்ந்து அமைக்கப்பட்டது. அதிலே உணவின் நிறை நூற்றுக்கு 61.9, உடைக்கு 9.4; விறகு விளக்கு முதலியவற்றுக்கு 4.3, வாடகைக்கு 5.7 மாத்திரமே. எஞ்சியவை பல்வகைச் செலவுகள். 2013 ஆம் ஆண்டை அடியாண்டாகக் கொண்டு பின்னர் அமைந்த சுட்டெண்ணில் உணவின் நிறை ஏறக்குறைய 28 ஆக இறங்கிற்று. வீடு, நீர், மின்சாரம், எரிவாயு ஆகியவற்றைச் சேர்த்த பகுதி ஏறக்குறைய 30 ஆக உயர்ந்தது. 2021 ஐ அடியாண்டாகக் கொண்டதிலோ உணவு 26 அளவில் நிற்கின்றது.

ஏர்ன்ஸ்ட் எங்கல் என்னும் ஜேர்மானியப் புள்ளிவிபரவியலாளர் 1857 இல் ஒரு விதி கூறினார். (மார்க்ஸின் தோழர் எங்கெல்ஸ் வேறு, மாணவர் பரீட்சைத் தாளில் இருவரையும் ஒருவராக்குதல் ஆகாது.) வருமானம் உயர உயர, அதில் உணவுக்குச் செல்லும் பங்கு குறையும் என்பதே அவ்விதி. இதனை மாத்திரம் கற்றவன், கொழும்பார் உணவுக்குச் சிறுபங்கே செலவிடுகின்றனர், ஆதலின் அவர் செல்வர் எனக் கூறிவிடுவான். நாடு முழுவதற்குமான 2013 ஆம் ஆண்டுச் சுட்டெண்ணில் உணவின் நிறை 44 அளவினது என்பதையும் எடுத்துக் காட்டுவான். அவன் கூற்றிற் பெரும்பகுதி சரியே. ஆனால் உணவுப் பங்கு குறைவதற்கு மற்றொரு வழியும் உண்டு: வேறொரு செலவு முந்திக்கொண்டு வந்து இலையில் அமர்ந்துவிடுதல். வாடகைக்காரன் மாதம் பிறந்த ஐந்தாம் நாளே வீட்டுக்காரருக்குக் கொடுத்தாகவேண்டும்; கறியைக் குறைத்துக்கொள்வது தன் வீட்டுக்குள் முடிந்துபோகும் காரியம். பழைய சுட்டெண் தொழிலாளர் குடும்பங்களை மாத்திரம் கொண்டது என்பதையும், இரு பட்டியல்களிலும் பகுதிகள் ஒரே வகையாய்ப் பிரிக்கப்படவில்லை என்பதையும் மனத்திற் கொண்டே இவற்றை ஒப்பிடல் வேண்டும். எனினும் போக்கு ஐயத்துக்கு இடமற்றது.

வாடகை ஏன் இவ்வாறு ஏறிற்று? வீட்டின் கல்லும் சீமெந்தும் யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் பெரிதும் வேறுபட்ட விலையின அல்ல. வேறுபடுவது நிலம். நாம் பரப்புக் கணக்கிற் காணி பேசுகின்றோம். கொழும்பார் பேர்ச்சுக் கணக்கிற் பேசுகின்றனர். ஒரு பரப்புக்குப் பத்துப் பேர்ச். அங்கே ஒரு பேர்ச்சின் விலை கேட்டுத் திகைத்துத் திரும்பியவர் நம்மிடையே பலர். மேல் மாகாணம் 3,684 சதுர கிலோமீற்றர் பரப்பினது. நாட்டின் நிலத்தில் நூற்றுக்கு ஆறுக்கும் குறைவு. 2012 ஆம் ஆண்டுக் குடித்தொகை மதிப்பின்படி நாட்டு மக்களில் நூற்றுக்கு 28 பேருக்கு மேல் அங்கே வாழ்ந்தனர். துறைமுகம், வங்கிகள், தலைமை அலுவலகங்கள், பெருவைத்தியசாலைகள் யாவும் அங்கே; நாட்டின் மொத்த உற்பத்தியில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் அம்மாகாணத்ததே. மேற்றிசையிலோ கடல். ஏனைய நகரங்கள் நாற்புறமும் பரவலாம். கொழும்பு மேற்கே பரவ வேண்டின் கடலைத் தூர்க்கவேண்டும். 269 ஹெக்டேர் கடலைத் தூர்த்துத் துறைமுக நகரம் அமைத்தும் ஆயிற்று. ஆனால் மாதச் சம்பளக்காரன் அறை தேடிப் போகும் இடம் அதுவன்று.

சட்டம் வாடகையைத் தடுக்கவில்லையா என்பர். தடுக்க முயன்றது. போர்க்காலத்திலே 1942 இல் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. பின்னர் 1972 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க வாடகைச் சட்டம் வந்தது. சம்மரிக் காலத்தவர் அனுபவித்த குறைந்த வாடகைக்கு முன்னைய சட்டமும் ஒரு காரணம் என்பதை மறத்தல் ஆகாது. ஆயினும் வாடகையை உயர்த்தவும் குடியிருப்போரை எழுப்பவும் இயலாத வீட்டைக் கட்டுவார் யார்? கட்டியவர் சிலர் பூட்டி வைத்தனர். சிலர் திறப்பைக் கையளிப்பதற்கே தனியாக ஒரு தொகை கேட்டனர். குடியிருந்தவர்க்கு நிழலாய் நின்ற சட்டம், புதிதாய் வந்து வீடு தேடியவனை வெயிலில் நிறுத்திற்று. இரண்டையும் ஒருங்கே கூறாதவர் பாதி வரலாறே கூறுகின்றனர். 1990களில், போர் காரணமாக வடக்கிலிருந்து சென்றோர் வெள்ளவத்தையிற் குவிந்தபோது வாடகை எவ்வாறு ஏறிற்று என்பதை அக்காலத்து அங்கிருந்த பழைய மாணவர் எம்மினும் நன்கு கூறுவர். தனிவீடுகள் இடிந்து தொடர்மாடிகள் எழுந்தன. அவற்றிற் பல வெளிநாட்டு உறவினரின் பணத்தால் வாங்கப்பட்டன. நம்மவர் வாடகையை நம்மவரே ஏற்றினோம் என்று ஒரு நண்பர் வேடிக்கையாகச் சொல்வார். முற்றிலும் வேடிக்கையன்று.

நாமும் கொழும்பிலே நான்காண்டு ஆசிரியப் பணி புரிந்தோம். கடற்கரைப் பக்கமாக ஒரு வீட்டின் மேல்மாடியில் ஓர் அறை. சாளரத்தைத் திறந்தாற் புகையிரதப் பாதை, அதற்கப்பாற் கடல். காட்சி அழகியதே, அவ்வழகுக்கும் சேர்த்தே வாடகை வாங்கினர். உப்புக்காற்று மின்விசிறியை அரித்தது. துவிச்சக்கர வண்டியின் சங்கிலியை ஓராண்டில் உதிர்த்தது. அலுமாரியின் பிணைச்சலையும் விடவில்லை. இரண்டாம் ஆண்டு பிறந்ததும் வீட்டுக்காரர் வாடகையைக் கூட்டினார். எமது சம்பளம் கூடவில்லை. காலையில் இடியப்பமும் சொதியும், மதியம் சோற்றுப் பார்சல், இரவு பாண். சமைத்துண்டால் மலிவு என்பது தெரியும். அறையிற் சமைக்கலாகாது என்பது உடன்படிக்கை. வாடகை குறைந்த அறைக்காரன் சாப்பாட்டிலே அதனைத் திருப்பிச் செலுத்துகின்றான் என்று அன்று கற்றோம்.

ஆதலாற் பலர் தெற்கே நகர்கின்றனர். தெகிவளை, கல்கிசை, மொறட்டுவை, பாணந்துறை எனக் கரையோரப் பாதையிற் செல்லச் செல்ல வாடகை இறங்கும்; புகையிரதப் பருவச்சீட்டும் மலிவு. அங்கே செலவாவது நேரம். காலையிலும் மாலையிலும் வாயிலில் தொங்கி நின்று கழியும் அந்நேரத்தை எவரும் கணக்கெழுதுவதில்லை. பகுதிநேரப் படிப்பொன்றைத் தொடர விழைபவன் கட்டாயம் எழுதல் வேண்டும்.

2022 ஆம் ஆண்டை இங்கே விட்டுவிட முடியாது. அவ்வாண்டு மார்ச்சில் ரூபாவின் மதிப்பைத் தளரவிட்டனர். டொலர் ஒன்று 200 ரூபா அளவிலிருந்து சில மாதங்களில் 360 ரூபா அளவுக்கு ஏறிற்று. செப்டெம்பரிற் கொழும்புச் சுட்டெண் முந்திய ஆண்டின் அதே மாதத்தினும் நூற்றுக்கு 69.8 உயர்ந்திருந்தது, உணவு மாத்திரம் 94.9. ஓராண்டின் பின், 2023 செப்டெம்பரில், அவ்வுயர்வு 1.3 என அறிவித்தபோது, விலை இறங்கிவிட்டது என்று எம் வகுப்பிலே ஒரு மாணவன் கூறினான். கரும்பலகையில் எழுதிக் காட்டினோம். 2021 இல் 100 ரூபாவாக இருந்தது 2022 இல் 169 ரூபா 80 சதம். 2023 இல் 172 ரூபா. ஏறும் வேகம் நின்றது. ஏறிய விலை ஏறியபடியே நிற்கின்றது. அவ்விரண்டாண்டில் ஒருவன் சம்பளம் 100 இலிருந்து 130 ஆயிற்றெனின், அவன் பதவி உயர்வு பெற்றும் வறியவனானான்.

மீண்டும் எமது மாணவனிடம் வருவோம். உண்மைத் தொகைகளை இங்கே எழுதுதல் முறையன்று. உதாரணமாக ஊர்ச் சம்பளத்தை 100 என்றும் கொழும்புச் சம்பளத்தை 150 என்றும் கொள்க. முதலில் நியமனக் கடிதத்தை வாசிக்கச் செய்தோம். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, படிகள் எவ்வளவு, ஊழியர் சேமலாப நிதிக்கு அவன் பங்காக 8 வீதமும் கம்பனியின் பங்காக 12 வீதமும் எத்தொகையின் மீது செலுத்தப்படும் என்பனவற்றை அவன் பார்த்திருக்கவேயில்லை. கடைசி வரியிலுள்ள பெருந்தொகையையே பார்த்திருந்தான். பின்பு செலவு. கொழும்பில் அறைக்கு 45, உணவுக்கு 45, போக்குவரத்துக்கு 12, மின்சாரம், தொலைபேசி, சலவை முதலியவற்றுக்கு 8, மிச்சம் 40. ஊரில் அறைக்கு ஒன்றுமில்லை, தாயார் கையிற் கொடுப்பது 35, போக்குவரத்துக்கு 8, ஏனையவற்றுக்கு 7, மிச்சம் 50. இலக்கங்கள் ஆளுக்காள் மாறும். ஒவ்வொருவரும் தத்தம் இலக்கத்தை இட்டுப் பார்த்தல் வேண்டும்.

மாணவன் கடிதத்தை மடித்து வைத்தான். "அப்ப ஊரிலேயே நிற்கட்டோ?" என்றான். அதையும் நாம் சொல்லவில்லை. ஊர்க் கணக்கில் அறைக்கு ஒன்றுமில்லை என எழுதினோமே, அந்த வீடு அவன் பேரனார் கொழும்பிலிருந்து அனுப்பிய காசிற் கட்டியது. மேலும் இது முதல் மாதத்துக் கணக்கு. ஐந்தாண்டின் பின் ஊர் அலுவலகத்தில் அவன் எந்த மேசையில் இருப்பான், கம்பனியில் எந்த மேசையில் இருப்பான், எத்தொழிலைக் கற்றிருப்பான் என்பவை இத்தாளில் இல்லை. மிச்சம் குறைவென்று அறிந்து போகின்றவன் ஒருவகை. மிச்சம் வருமென்று நம்பிப் போய், வீட்டாருக்கு அனுப்ப இயலாது கடனட்டையால் அனுப்புகின்றவன் மற்றொரு வகை. இரண்டாம் வகையினரை நாம் கண்டிருக்கின்றோம். தகப்பனார் ஏன் பேசாதிருந்தார் என்பதும் எமக்கு ஓரளவு விளங்கிற்று. அவரும் அங்கே எட்டாண்டு இருந்து வந்தவர்.

அவன் கொழும்புக்கே போனான். மொறட்டுவையில் வேறிருவரோடு சேர்ந்து ஒரு சிறு வீட்டை எடுத்து, முறை வைத்துச் சமைத்து, வாடகையையும் உணவையும் நாம் எழுதியதிலும் குறைத்திருந்தான். ஆறு மாதத்தின் பின் தன் கணக்குத் தாளை எமக்கு அனுப்பினான். இனங்கள் யாவும் ஒழுங்காய் இருந்தன. அடியிலே, நாம் இருவரும் அன்று எழுத மறந்த ஓர் இனத்தைச் சிவப்பு மையினாற் சேர்த்திருந்தான்: ஊருக்கு வந்து போன செலவு. ஆறு மாதத்தில் நான்கு தடவை. ஒரு தமக்கை கலியாணம், ஓர் அந்தியேட்டி, கோயில் தேர், தாயாரின் கண் சத்திரசிகிச்சை. பஸ் கட்டணத்தோடு, வெறுங்கையோடு வரவியலாமையால் வாங்கிவந்த பொருள்களையும், சம்பளமின்றி எடுத்த லீவு நாள்களையும் அவன் கூட்டியிருந்தான். அவ்வினத்தை இப்பொழுது வகுப்புக் கரும்பலகையில் முதலாவதாக எழுதுகின்றோம்.