நட்ட மறுவருடமே காடாகுமா?

கேள்வி: எங்கள் ஊர்க் கழிமுகத்தில் அலையாத்திக் கன்றுகள் நட்டு இரண்டு வருடமாகிறது. இன்னும் முழங்கால் உயரம்தான். இதற்குப் பதில் கல்சுவர் கட்டியிருக்கலாமோ?
- வாசகர், நாகப்பட்டினம்

பதில்: அவசரப்படாதீர்கள். சுவர் கட்டிய அன்றே பலமாக நிற்கும். பிறகு தேய ஆரம்பிக்கும். காடு வருடா வருடம் பலம் கூடும்.

பிச்சாவரம் அலையாத்திக் காட்டையே பாருங்கள். முன்பு அங்கே பகுதி பகுதியாக மரங்களை வெட்டினார்கள். வெயில் பட்டு ஈரம் வற்றி, மண் தொட்டிபோல அமிழ்ந்தது. உள்ளே வந்த கடல்நீர் வெளியேற வழியில்லாமல் உப்பேறியது. 1990களில் வனத்துறையும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் ஊர்மக்களும் சேர்ந்து மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டினார்கள். ஓதம் ஏறி இறங்கி உப்பைக் கழுவிய பிறகே கன்றுகள் பிழைத்தன. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது, அந்தக் காட்டுக்குப் பின்னாலிருந்த ஊர்களில் சேதம் குறைவு. சுனாமிக்குப் பிறகு நட ஆரம்பித்திருந்தால் என்ன பயன்?

உங்கள் கன்றுகளுக்கு ஓதநீர் வந்து போகிறதா என்று முதலில் பாருங்கள். வாய்க்கால் தூர்ந்திருந்தால் ஊர்கூடித் தூர்வாருங்கள். தயவுசெய்து ஆடுமாடுகளை உள்ளே விடாதீர்கள்.