சாக்லேட் ட்ரஃபிள்: வீட்டுச் செய்முறையும் காரணங்களும்

அதிரசம், முறுக்கு பற்றி எழுத நம் சங்கத்தில் சகோதரிகள் பலர் இருக்கிறார்கள். அந்தப் பக்கம் நான் போகவில்லை. தீபாவளிக்கு அக்கம்பக்கத்து மராத்தி, குஜராத்திக் குடும்பங்களுக்குத் தட்டு அனுப்பும்போது, "சாக்லேட்டும் வையுங்கள் தாத்தா" என்று நாக்பூரிலேயே பிறந்து வளர்ந்த நம் பேரக்குழந்தைகள் கேட்கிறார்கள். கடைப் பெட்டியின் விலை ஒருபுறம் இருக்கட்டும். ட்ரஃபிளில் ரம் முதலிய மது சேர்ப்பது மேல்நாட்டு வழக்கம். சைவ வீட்டுக்குக் கொடுக்கும் பண்டத்தில் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

ட்ரஃபிள் என்பது மண்ணுக்கடியில் விளையும் ஒருவகைக் காளானின் பெயர். கோகோத் தூளில் புரட்டிய கரடுமுரடான உருண்டை அதைப்போல் இருப்பதால் அந்தப் பெயர் வந்தது. மற்றபடி இதில் காளானும் இல்லை, முட்டையும் இல்லை. சாக்லேட்டும் பாலாடைக் கிரீமும்தான்.

முதலில் சாக்லேட்டின் உறையைத் திருப்பிப் படியுங்கள். கொழுப்பு என்ற இடத்தில் கோகோ பட்டர் மட்டும் இருந்தால் நல்லது. ஹைட்ரஜனேட்டட் வெஜிடபிள் ஃபேட் என்றிருந்தால் அது 'காம்பவுண்ட்'. கோகோ பட்டர் சுமார் 34 டிகிரி செல்சியஸில் உருகும். நம் உடல் வெப்பம் 37. நாக்கில் வைத்ததும் கரைவதன் ரகசியம் இந்த மூன்று டிகிரிதான். காம்பவுண்ட் விலை மலிவு, கையாளவும் எளிது. ஆனால் வாயில் மெழுகுபோல் ஒட்டும். ட்ரஃபிளுக்கு அது வேண்டாம் என்பதே என் கட்சி.

200 கிராம் கறுப்புச் சாக்லேட், 100 மில்லி கிரீம், 15 கிராம் உப்பில்லாத வெண்ணெய். இதில் 25 உருண்டை வரும். வெளிநாட்டுப் புத்தகங்களில் சொல்லும் கிரீமில் கொழுப்பு 35 சதவீதத்துக்குக் குறையாது. நம் கடைகளில் கிடைக்கும் அமுல் ஃப்ரெஷ் கிரீமில் 25 சதவீதம்தான், ஆகவே தண்ணீர் அதிகம். அவர்கள் அளவை அப்படியே எடுத்தால் உருண்டை பிடிக்க வராது. அந்தக் குறையை ஈடுகட்டத்தான் வெண்ணெய். பால் சாக்லேட்டானால் இதே கிரீமுக்கு 250 கிராம், வெள்ளைச் சாக்லேட்டானால் 300 கிராம் வேண்டும்.

சாக்லேட்டைத் துவரம்பருப்பு அளவுக்குப் பொடியாக நறுக்கி, ஈரமில்லாத கிண்ணத்தில் போடுங்கள். கிரீமைச் சிறு தீயில் வைத்து, ஓரத்தில் குமிழி கட்டியதும் இறக்குங்கள். தளதளவென்று கொதிக்க விடக்கூடாது. அதைச் சாக்லேட்டின் மேல் ஊற்றி, இரண்டு நிமிடம் தொடாமல் விடுங்கள். பிறகு நடுவிலிருந்து சிறு வட்டமாகக் கலக்க ஆரம்பித்து, மெதுவாக வெளியே வாருங்கள். பளபளப்பாகச் சேர்ந்ததும் வெண்ணெயைப் போட்டுக் கலக்குங்கள். இந்தக் கலவைக்குக் கனாஷ் என்று பெயர்.

சில சமயம் எண்ணெய் பிரிந்து திரிதிரியாக நிற்கும். கொட்டிவிடாதீர்கள். கொழுப்புக்குத் தேவையான அளவு நீர் இல்லை என்பதுதான் அதன் பொருள். வெதுவெதுப்பான பாலை ஒவ்வொரு தேக்கரண்டியாக விட்டுக் கலக்கினால் கூடிவிடும். இதற்கு நேர்மாறான சங்கதி ஒன்றும் உண்டு. தனியாக உருக்கிய சாக்லேட்டில் இரண்டு சொட்டுத் தண்ணீர் பட்டாலே இறுகிக் கட்டியாகிவிடும். ரயில்வே பணிமனையில் உருகிய உலோகத்தின் அருகே ஈரக் கரண்டியைக் கொண்டுவர விடமாட்டோம். உலோகம் வெடித்துச் சிதறும். சமையலறையில் அந்த ஆபத்து இல்லை, சாக்லேட் மட்டும் வீண்.

கனாஷை மூடி, குளிர்பெட்டியில் இரண்டு மணி நேரம் வையுங்கள். பிறகு தேக்கரண்டியால் எடுத்து உருட்டி, இனிப்பில்லாத கோகோத் தூளில் புரட்டுங்கள். கை சூடானால் குளிர்ந்த நீரில் கழுவி, நன்றாகத் துடைத்துக்கொண்டு தொடருங்கள்.

மணம் சேர்ப்பதில்தான் நம் கைவரிசையைக் காட்டலாம். நான்கு ஏலக்காயைத் தட்டிச் சூடான கிரீமில் போட்டுப் பத்து நிமிடம் மூடி வையுங்கள். வடிகட்டி, மறுபடி சூடாக்கி ஊற்றுங்கள். தூளாகத் தூவுவதைவிட இது எவ்வளவோ மேல். நம் ஊர் ஆரஞ்சு குளிர்காலத்தில் வரும்போது, பழத்தை நன்றாகக் கழுவி, மேல்தோலை மட்டும் துருவி இதேபோல் ஊற வைக்கலாம். அடியிலுள்ள வெள்ளைப் பகுதி கசக்கும். காப்பி மணம் வேண்டுமானால் கெட்டியான முதல் டிகாக்‌ஷன் ஒரு மேசைக்கரண்டி போதும். விட்ட அளவுக்குக் கிரீமைக் குறைக்க மறக்க வேண்டாம். கால் தேக்கரண்டி சுக்குப் பொடியும் கறுப்புச் சாக்லேட்டுக்கு நன்றாகப் பொருந்தும். கோகோவுக்குப் பதில் வறுத்த எள்ளிலோ, சிவக்க வறுத்த கொப்பரைத் துருவலிலோ புரட்டலாம். எனக்குப் பிடித்தது எள்.

கறுப்புச் சாக்லேட் என்றால் சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு ஆகும் என்று சிலர் சொல்வதை நம்ப வேண்டாம். உறையில் 55 சதவீதம் கோகோ என்றிருந்தால் மீதி பெரும்பாலும் சர்க்கரைதான். மேற்சொன்ன அளவில் ஓர் உருண்டைக்கு ஒரு தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாக வரும்.

கிரீம் சேர்ந்த பண்டம் இது. லட்டுபோல் டப்பாவில் போட்டு அலமாரியில் வைக்கக் கூடாது. குளிர்பெட்டியில் ஒரு வாரம் இருக்கும். வெளியே எடுத்தால் அரைமணி நேரம் டப்பாவைத் திறக்காதீர்கள். உடனே திறந்தால் உருண்டை மேல் நீர் கோர்த்துக் கோகோத் தூள் சேறாகிவிடும். மே மாதம் நாக்பூர் வெயில் 45 டிகிரியைத் தொடும்போது இந்த வேலையே வேண்டாம். சென்னைக்கு ரயிலில் போகும் உறவினரிடம் கொடுத்தனுப்பலாமா என்றால், கூடாது. அவர்களிடம் ஓமப்பொடி கொடுத்தனுப்புங்கள்.