பிள்ளைகளுக்கு நாம் கொடுக்கும் வாக்கு



நாம் ஆலிம் அல்ல. மத்ரஸாவில் ஓதியதும், ஆரம்பப் பள்ளியில் நாலெழுத்துப் படித்ததும் தவிர வேறு கல்வி நமக்குக் கிடையாது. நீலாயில் ஒரு சிறு மளிகைக் கடை வைத்துப் பிழைத்து வருகிறோம். பிள்ளைகள் மூவர். பெரியவளுக்கு வயது 10, மகனுக்கு 5, சின்னவளுக்கு 2. இந்தத் தகுதியோடு பிள்ளை வளர்ப்பைப் பற்றி எழுதத் துணிந்ததற்கு, சென்ற வருஷம் நம் வீட்டில் நடந்த ஒரு சிறு சம்பவமே காரணம்.

நம் மகனுக்கு ரயில் என்றால் உயிர். 1995-ஆம் வருஷத்தில் ஆரம்பித்த கொமுட்டர் ரயில் நம் ஊர் வழியாக ஓடுவதை வாசகர்கள் அறிவார்கள். அதில் ஏறிச் சிரம்பானுக்குப் போகவேண்டும் என்பதே அவனுடைய ஆசை. பெரிய பிரயாணம் ஒன்றுமில்லை. நீலாயில் ஏறினால் லாபு, அப்புறம் திரோய், அதற்கடுத்தது சிரம்பான்தான். கேட்கும்போதெல்லாம், "இன்ஷா அல்லாஹ், அடுத்த ஞாயிற்றுக்கிழமை போவோம்" என்று சொல்லி வந்தோம். அடுத்த ஞாயிறு சரக்கு வரும். அதற்கடுத்த ஞாயிறு ஒரு கல்யாணம். அதற்கும் அடுத்த ஞாயிறு கடைப் பையன் லீவு. இப்படியே ஐந்து மாதம் ஓடிவிட்டது.

ஒரு நாள் மஃரிபு தொழுதுவிட்டு வீட்டுக்கு வந்தோம். பையன் வழக்கம்போல் வாசலிலேயே கேட்டான். நாமும் வழக்கம்போல் பதில் சொன்னோம். அவன் முகத்தைச் சுளித்துக்கொண்டு, "இன்ஷா அல்லாஹ் வேணாம் அத்தா, நெசமாவே கூட்டிட்டுப் போங்க" என்றான்.

நம் வீட்டார் சிரித்துவிட்டார்கள். நாமும் சேர்ந்து சிரித்தோம். ஆனால் இரவு படுத்த பிறகு அந்தச் சொல் மனத்தைக் குடையத் தொடங்கிற்று. அல்லாஹ் நாடினால் நடக்கும் என்று நாம் எல்லாரும் நம்பிச் சொல்லும் வார்த்தைக்கு, 'நடக்காது' என்று இந்தப் பிள்ளை பொருள் கற்றுக்கொண்டிருக்கிறான். யார் கற்றுக்கொடுத்தது? உஸ்தாது கற்றுக்கொடுக்கவில்லை. ஐந்து மாதமாகத் தவறாமல் பாடம் நடத்தியது நாமேதான்.

இந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்பதைச் சற்று நினைத்துப் பார்க்கவேண்டும். எதையும் நாளைக்குச் செய்வேன் என்று சொல்லும்போது, அல்லாஹ் நாடினால் என்பதைச் சேர்த்தே சொல்லவேண்டுமென்று சூரத்துல் கஹ்ஃபின் 23, 24-ஆம் ஆயத்துகள் போதிக்கின்றன. குகைவாசிகளின் வரலாற்றைக் குறைஷிகள் கேட்டபோது, நாயகம் (ஸல்) அவர்கள் நாளை சொல்வதாகக் கூறினார்கள் என்றும், அதன்பின் வஹீ வரச் சில நாட்கள் தாமதித்தது என்றும் இப்னு இஸ்ஹாக் முதலிய சரித்திர ஆசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆகவே ஒரு காரியத்தைச் செய்வதென்று மனத்தில் உறுதி செய்துகொண்டவன் பணிவோடு சொல்லவேண்டிய சொல் இது. செய்யும் எண்ணமே இல்லாதவன், கேட்பவனை வாசலோடு திருப்பி அனுப்பச் சொல்லும் சொல் அல்ல. கடையில் கடன் கேட்பவரிடம் நாம் அப்படிச் சொன்னால் அவருக்கு அது புரிந்துவிடும். வயது வந்தவர், வேறு கடைக்குப் போவார். பிள்ளைக்குப் போக வேறு கடை ஏது?

அபூதாவூத் கிரந்தத்தில் அப்துல்லாஹ் இப்னு ஆமிர் (ரலி) அவர்கள் தமது சிறு பிராயத்துச் செய்தி ஒன்றை அறிவிக்கிறார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் அவர்களுடைய வீட்டில் அமர்ந்திருந்த சமயம், தாயார் பிள்ளையை 'வா, ஒன்று தருகிறேன்' என்று கூப்பிட்டார்களாம். என்ன கொடுக்க எண்ணினீர்கள் என்று நாயகம் கேட்க, பேரீச்சம்பழம் என்று தாயார் சொன்னார்கள். ஒன்றும் கொடுக்காமல் இருந்திருந்தால் அது உங்கள் பேரில் ஒரு பொய்யாக எழுதப்பட்டிருக்கும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் கூறினார்கள் என்பது அச்செய்தியின் கருத்து. சிறு வயதில் மத்ரஸாவில் இதை நாம் கேட்டிருக்கிறோம். அப்போது நாம் பிள்ளையின் பக்கம் இருந்து கேட்டோம். தகப்பனான பிறகு கேட்டால் இதன் பாரம் வேறாக இருக்கிறது.

நிற்க. நாம் கடைக்காரர், எதையும் எழுதிவைத்தால்தான் நமக்கு நம்பிக்கை. நம் தகப்பனார் காலத்தில் நீலாயைச் சுற்றி எங்கும் ரப்பர்த் தோட்டங்கள். இன்று அவற்றில் பெரும்பகுதி வீடுகளாகவும் தொழிற்சாலைகளாகவும் செம்பனைக் காடாகவும் மாறிவிட்டது. அந்நாளில் தோட்டத்து ஜனங்கள் மாதமெல்லாம் அரிசி, பருப்பு, மிளகாய், மண்ணெண்ணெய் எல்லாம் கடனுக்கு வாங்கிப்போய்ச் சம்பள நாளன்று பணம் கட்டுவார்கள். அட்டையில் 555 என்று அச்சிட்ட சட்டைப்பை அளவுக் குறிப்புப் புத்தகத்தை இந்த நாட்டில் அறியாதவர் யார்? அதிலேதான் கணக்கு ஏறும். அந்தப் புத்தகத்திலே ஒன்றை எடுத்து, முதல் பக்கத்தில் 'பிள்ளைகள் கணக்கு' என்று எழுதினோம். ஒரு வாரம், பிள்ளைகளுக்கு நாம் சொன்ன வாக்கையெல்லாம் பற்றில் எழுதுவது, நிறைவேற்றியதை வரவில் எழுதுவது என்று வைத்துக்கொண்டோம்.

ஏழு நாள் கழித்துப் பார்த்தால் பற்று 31, வரவு 8. இப்படி ஒரு வாடிக்கைக்காரர் நம் கடைக்கு வந்தால் இரண்டாம் மாதமே சாமான் கொடுப்பதை நிறுத்தியிருப்போம்.

அதிலும் ஒரு வேடிக்கை. ரயில், பொம்மை, ஐஸ்கிரீம் என்று பெரிய வாக்குகள் நாலைந்துதான். மிச்சமெல்லாம், 'இதோ வருகிறேன்', 'ஐந்து நிமிஷம் பொறு', 'சாப்பிட்டு முடி, கதை சொல்கிறேன்' என்ற வகை. அந்த ஐந்து நிமிஷத்தில் நாம் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று யோசித்தால், கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மொத்த வியாபாரி விலை அனுப்பியிருப்பார் என்று எடுப்போம். விலையைப் பார்த்த பிறகும் கீழே வைக்கமாட்டோம். நம் வீட்டாருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தோம். அதில் பற்று மூன்றே மூன்று. அவர்கள் வாக்குக் கொடுப்பதே அபூர்வம். முடியாது என்றால் முடியாது என்று சொல்லிவிடுகிறார்கள். பிள்ளைகள் அழுகிறார்கள், ஆனால் இரண்டாம் தடவை கேட்பதில்லை. அவர்களைக் கடுமையானவர்கள் என்றும் நம்மை இளகிய மனத்தவர் என்றும் இத்தனை நாளும் எண்ணியிருந்தோம்.

இந்தக் கணக்கைப் பற்றி நம் கடைக்கு ரொட்டி வாங்க வரும் பல்கலைக்கழக மாணவர் ஒருவரிடம் சொன்னோம். அவர் மனோதத்துவம் படிப்பவர். அமெரிக்காவில் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தார் செய்து 2013-இல் வெளியிட்ட ஒரு பரிசோதனையைப் படித்து விளக்கினார். 3 முதல் 5 வயது வரையுள்ள 28 பிள்ளைகளை இரண்டு பிரிவாக்கினார்கள். படம் வரைய உட்காரவைத்து, கொஞ்சம் பொறுத்தால் இதைவிட நல்ல வண்ணக்கோல் கொண்டுவருகிறேன், நல்ல ஒட்டுப்படம் கொண்டுவருகிறேன் என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒருவர் வாக்குக் கொடுத்தார். ஒரு பிரிவுக்குச் சொன்னபடி கொண்டுவந்து கொடுத்தார். மற்றப் பிரிவிடம் வெறுங்கையோடு வந்து, மன்னித்துக்கொள், இல்லையாம் என்றார். அதன்பிறகு ஒவ்வொரு பிள்ளை முன்னும் ஒரு மிட்டாயை வைத்து, 15 நிமிஷம் தின்னாமல் பொறுத்தால் இன்னொன்று கிடைக்கும் என்று சொல்லிப் போனார். வாக்குக் காக்கப்பட்ட பிள்ளைகள் சராசரி 12 நிமிஷம் பொறுத்தார்கள். 14 பேரில் 9 பேர் கடைசிவரையிலும் தொடவில்லை. ஏமாந்த பிள்ளைகள் பொறுத்தது சராசரி 3 நிமிஷம். கடைசிவரை இருந்தது ஒரே ஒரு பிள்ளை.

இதைக் கேட்டதும் நம் மகன் நினைவுதான் வந்தது. பொறுமையில்லாத பயல், கேட்டதை உடனே கொடுக்காவிட்டால் கூச்சல் போடுகிறான் என்று நாம் பலரிடம் குறைப்பட்டதுண்டு. பொறுத்தால் கிடைக்கும் என்று அவன் ஒரு தடவையாவது கண்டிருந்தால் அல்லவா பொறுப்பான்?

அதே மாணவர் சொன்ன இன்னொன்று: கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தார் 2014-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், பெரியவர் ஒருவர் தங்களிடம் பொய் சொன்னதை அறிந்த 5 முதல் 7 வயதுப் பிள்ளைகள், பார்க்கக்கூடாது என்றதைத் திரும்பிப் பார்ப்பதும், பார்த்துவிட்டுப் பார்க்கவில்லை என்று பொய் சொல்வதும் மற்றப் பிள்ளைகளைவிட அதிகமாக இருந்ததாம். அதைவிடச் சிறிய பிள்ளைகளிடம் அந்த வித்தியாசம் தெரியவில்லையாம். நம் சின்னவளை நினைத்து அல்ஹம்துலில்லாஹ் என்றோம். இன்னும் அவகாசம் இருக்கிறது.

ஆனால் சின்னவள் விஷயத்திலும் நாம் ஒரு தப்பு செய்துவந்தோம். அதை உணர்த்தியவர் அமெரிக்காக்காரர் அல்ல, பத்தாங் பெனார் பக்கத்துத் தோட்டமொன்றில் முன்னாளில் ஆயாக் கொட்டகையில் பிள்ளை பார்த்த ஒரு பாட்டி. நெடுங்காலத்து வாடிக்கைக்காரர். காலையில் நாம் கடைக்குக் கிளம்பும்போது சின்னவள் அழுவாள் என்று, பூனையைக் காட்டிப் பராக்குப் பண்ணிவிட்டுப் பின்வாசல் வழியாக நழுவிவிடுவது நம் வழக்கம். இதைப் பாட்டியிடம் சாமர்த்தியம் போலச் சொன்னோம். அவர் தலையை ஆட்டிவிட்டு இப்படிச் சொன்னார்:

"வேணாம் தம்பி. நான் எத்தனை பிள்ளைங்களைப் பார்த்திருக்கேன். வெயில் ஏறுறதுக்குள்ளே மரம் வெட்டணும், அப்பதான் பால் நல்லா இறங்கும்னு இருட்டோடவே கொண்டாந்து விட்டுட்டுப் போவாங்க. சில அம்மா தூங்குற பிள்ளையைத் தூளியிலே போட்டுட்டு ஓடிடும். சில அம்மா எழுப்பி, 'வேலைக்குப் போறேன், பால் நிறுத்துட்டு வந்துடுவேன்'னு சொல்லிட்டுப் போகும். சொல்லிட்டுப் போனா பிள்ளை அழும்தான். அழுது முடிச்சு விளையாடப் போயிடும். சொல்லாம ஓடிப்போன அம்மாவோட பிள்ளை நாள் பூரா வாசலையே பார்த்துட்டு நிக்கும். சாயங்காலம் அம்மா வந்தா மடியை விட்டு இறங்காது."

மறுநாளிலிருந்து முன்வாசல் வழியாகவே, "அத்தா கடைக்குப் போறேன், மத்தியானம் சோறு தின்ன வருவேன்" என்று சொல்லிக் கிளம்பினோம். முதல் நான்கு நாள் தெருவே கேட்கும்படி அழுதாள். அடுத்த வாரம் கையசைத்தாள். மத்தியானம் வருவேன் என்று சொல்லிவிட்டபடியால் நாமும் மத்தியானம் வரவேண்டியதாயிற்று. முன்பெல்லாம் கடையிலேயே இரண்டு பரோட்டாவோடு முடித்துக்கொள்வோம்.

கிளினிக்கில் 'ஊசி வலிக்காது' என்று சொல்லிக் கூட்டிப்போவதையும் விட்டுவிட்டோம். எறும்பு கடித்த மாதிரி கொஞ்சம் வலிக்கும், உடனே போய்விடும் என்கிறோம். போலீஸ்காரர் பிடித்துக்கொண்டு போய்விடுவார் என்று பயங்காட்டுவதும் இதே இனத்தைச் சேர்ந்ததுதான். அதுவும் கொடுத்து நிறைவேற்றாத வாக்குத்தானே! எந்தப் போலீஸ்காரரும் வந்தபாடில்லை என்பதைப் பிள்ளை நாலாம் தடவையே கண்டுகொள்கிறது.

வாக்குக் கொடுத்து, உண்மையிலேயே முடியாமற்போனால் என்ன செய்வது என்று சில சகோதரர்கள் கேட்கலாம். இதற்கும் நமக்குக் கடையிலேதான் பதில் கிடைத்தது. கடன் வாங்கியவர்களில் இரண்டு ரகம் உண்டு. ஒருவர் நேரே வந்து, "பாய், இந்த மாதம் வசதிப்படவில்லை, 20 வெள்ளி வைத்துக்கொள்ளுங்கள், மிச்சம் அடுத்த மாதம்" என்பார். இன்னொருவர் நம் கடையைக் கண்டதும் பின்சந்து வழியாகப் போவார். முதலாமவருக்கு நாம் மறுபடியும் கடன் கொடுத்திருக்கிறோம், மனவருத்தமும் இல்லை. பிள்ளைகள் விஷயத்தில் நாம் இத்தனை காலமும் பின்சந்து வழியாகப் போனவர்தான். இப்போது முடியாவிட்டால் பிள்ளையின் முன் குந்தி உட்கார்ந்து, "அத்தா சொன்னேன், இன்றைக்கு முடியவில்லை, இன்ன காரணம், இன்ன நாளில் போவோம்" என்று சொல்லுகிறோம். தகப்பன் பிள்ளையிடம் போய்க் காரணம் சொல்வதா, மரியாதை என்னாவது என்று நம் சிநேகிதர் ஒருவர் கோபித்துக்கொண்டார். பின்சந்தில் போகிறவருக்கு என்ன மரியாதை இருக்கிறதென்று கேட்டோம். அவர் பதில் சொல்லாமல் தேநீரைக் குடித்தார்.

பையனைச் சிரம்பானுக்குக் கூட்டிப்போனோம். ஞாயிற்றுக்கிழமை காலை கடையைப் பூட்டிவிட்டே போனோம். லாபு வந்ததும் லாபு என்றான், திரோய் வந்ததும் திரோய் என்றான். சிரம்பானில் இறங்கி ஒரு ஐஸ் கச்சாங் வாங்கித் தின்றுவிட்டு அடுத்த ரயிலில் திரும்பிவிட்டோம். அரைநாள் வியாபாரம் போயிற்று. அதற்கப்புறம் ஒரு தடவை அவன் வேறொன்று கேட்டபோது, "இன்ஷா அல்லாஹ், சனிக்கிழமை" என்றோம். கொஞ்ச நேரம் நம் முகத்தையே பார்த்துவிட்டு, "சரி அத்தா" என்று போய்விட்டான். அந்தச் சனிக்கிழமை வரும்வரை நமக்குத்தான் நிம்மதியில்லை.

பெரியவள் கணக்கு அவ்வளவு சுலபமாயில்லை. 555 புத்தகத்தை ஒரு நாள் அவள் எடுத்துப் பார்த்துவிட்டு, தன் பக்கத்தில் தானே ஒரு வரி எழுதிவைத்திருந்தாள். இரண்டு வருஷத்திற்கு முன் பள்ளி விளையாட்டுப் போட்டிக்கு வருவதாகச் சொல்லி நாம் போகவில்லை. ஓட்டத்தில் இரண்டாவதாக வந்து, கூட்டத்தில் நம்மைத் தேடினாளாம். நமக்கு அது சுத்தமாக மறந்துபோயிருந்தது. அந்தப் போட்டியைத் திரும்ப நடத்த முடியாது. ஆகையால் வரவில் எதையும் எழுதவில்லை. இவ்வருஷப் போட்டித் தேதியைப் பள்ளியில் கேட்டுக் கல்லாப் பெட்டிக்கு மேலே ஒட்டியிருக்கிறோம். அன்றைக்குக் கடை மத்தியானத்திற்கு மேல்தான் திறக்கும் என்று வாடிக்கைக்காரர்களுக்கும் இப்போதே சொல்லிவருகிறோம்.