வாறுகாலில் விடுவது ஆற்றுக்கே போகும்

பாதாளச் சாக்கடை நீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும். மழைநீர் வடிகாலில் விழுவது அப்படியே குளத்துக்கோ ஆற்றுக்கோ போய்விடும். கங்கைகொண்டானில் ஓடும் சிற்றாறு சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் கலக்கிறது. அந்த ஆற்று நீரைக் கீழே காயல்பட்டினம் வரை குடிக்கிறார்கள். நாம் விடும் கழிவு இன்னொரு வீட்டுக் குடத்தைத் தேடிப் போகிறது.

கண்டறிவது எளிது. மூன்று நாள் மழை இல்லாதபோதும் வாறுகாலில் நீர் ஓடினால், எங்கிருந்தோ கழிவு இறங்கக்கூடும். நுரை இருந்தால் துவைத்த நீர். மல நாற்றம் அடித்தால் செப்டிக் டேங்க். எண்ணெய் மிதந்தால் ஒர்க்‌ஷாப் கழிவு என்று சந்தேகிக்கலாம்.

நம் வீட்டிலிருந்தே தொடங்குவோம். செப்டிக் டேங்க் வழிநீரைக் கிணற்றுக்குத் தள்ளி உறிஞ்சுகுழியில் விடுவோம். குர்பானி இரத்தத்தையும் கழிவையும் புதைப்போம். விருந்தில் மிஞ்சிய எண்ணெயை டின்னில் சேர்ப்போம். பிறர் குழாய் இறக்கியிருந்தால் முதலில் அழகிய முறையில் எடுத்துச் சொல்வோம். கேட்காவிட்டால் ஊராட்சியிடம் எழுதிக் கொடுப்போம். ஆற்றில் தெரிந்தே கழிவு கலப்பதை 1974ஆம் ஆண்டு நீர்ச் சட்டம் தடுக்கிறது.

ஒளுவுக்கும் தண்ணீரை வீணாக்காதீர்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லும் நாம், பிறர் குடிக்கும் தண்ணீரைக் கெடுக்கலாமா?