தேவன் அறிந்த மறைவான வழிகள்



தியானப் பகுதி: யோபு 16:13, சங்கீதம் 139:13-16

பேரணாம்பட்டிலிருந்து வந்த ஓர் இஸ்லாமியத் தாயார், வலது விலாவின் கீழ் வந்த வலியை மாதக்கணக்கில் வாய்வு என்றே எண்ணிச் சமாளித்தார். ஸ்கேனில் பித்தப்பைக் கல்லோடு புற்றுநோயும் தெரிந்தது. அறுவைக்கு முன் மருத்துவர் எம்.ஆர்.ஐ. படமும் கேட்டார். தோல் ஷாப்பில் வேலை செய்யும் மகன் என்னிடம், "கம்மலை அடகு வச்சாச்சு ஐயா. இன்னொரு படம் எதுக்கு?" என்றான்.

நியாயமான கேள்வி. கல்லீரலில் சுரக்கும் பித்தநீர் குழாய்கள் வழியாகக் குடலுக்கு வருகிறது. பித்தப்பையின் குழாய் நடுவழியில் அதோடு சேருகிறது. ஆனால் எல்லாருக்கும் ஒரே அமைப்பு இல்லை. சிலருக்குக் கல்லீரலின் வலப்பக்கக் குழாய் ஒன்று பித்தப்பையின் குழாயிலேயே வந்து சேரும். அறியாமல் வெட்டினால் பித்தநீர் வயிற்றுக்குள் கசியும். வேறு சிலருக்குக் கணையக் குழாய் குடலை அடையுமுன்பே பித்தக்குழாயோடு சேரும். கணையநீர் மேலேறிப் பித்தப்பையைப் புண்படுத்த, புற்றுநோய்க்கும் வழியாகும்.

1882-ல் பெர்லினில் லாசரு மருத்துவமனையில் டாக்டர் லாங்கன்பூக் முதன்முதலாகப் பித்தப்பையை அகற்றினார். புற்றுநோயிலோ பையை மட்டும் எடுத்தால் பெரும்பாலும் போதாது. ஒட்டிய கல்லீரல் பகுதியையும் நிணநீர்க் கட்டிகளையும் எடுக்க வேண்டும். குழாயின் வெட்டு முனையில் புற்று இருந்தால், பொதுப் பித்தக்குழாயையும் நீக்கிச் சிறுகுடலோடு புது இணைப்புத் தர நேரிடும்.

தன் பித்தம் தரையில் ஊற்றப்பட்டதாக யோபு புலம்பினார். தன் உள்ளுறுப்புகளை உருவாக்கியவருக்கு எதுவும் மறைவல்ல என்று தாவீது அறிக்கையிட்டார். தேவன் அறிந்ததை மனிதர் பொறுமையோடு தேடிப் பார்த்தே அறிய வேண்டும். வெட்டுமுன் பார்ப்பது அவிசுவாசமல்ல, பயபக்தி.

உங்கள் காணிக்கையால் அந்தப் படம் எடுக்கப்பட்டது. வலப்பக்கக் குழாய் மாறியிருந்தது தெரிந்தது. மருத்துவர் அதைக் காப்பாற்றினார். தாயார் வீடு திரும்பினார். நோய் திரும்பாதென்று எவரும் வாக்களிக்கவில்லை. பரிசோதனைக்குத் தவறாமல் வருகிறார்.

உங்கள் சபையில் சொல்லுங்கள்: தொடர்ந்த வலது விலா வலியையும் மஞ்சள் காமாலையையும் அசட்டை செய்யக்கூடாது. கல்லுக்காக அகற்றிய பித்தப்பையையும் திசுப் பரிசோதனைக்கு அனுப்பக் கேட்க வேண்டும். சிலருக்கு அங்கேதான் புற்று தெரியவருகிறது.

அந்தத் தாயாரையும் மருத்துவர்களின் கரங்களையும் ஜெபத்தில் தாங்குங்கள்.

கர்த்தருடைய பணியில்,
மருத்துவமனை ஆயர்